யாரைச் சீண்டுறாங்க, எதை மறைக்கிறாங்க? போன் விளம்பரங்கள் பத்தி வாசகர் கேள்விகள்

இந்த இதழுக்கு வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல ஒரே விஷயம்தான், ஒரு போன் கம்பெனி இன்னொரு கம்பெனி போனை மட்டம் தட்டி விளம்பரம் பண்ணுதே அதை எவ்வளவு தூரம் நம்பறதுன்னு. அதனால மத்த கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிட்டு இந்தத் தடவை இதை மட்டும் எடுத்துக்கிறேன். இந்த மாதிரி விளம்பரங்களை வருஷக்கணக்கா விடாம பார்த்துட்டு வர்றேன், அதுல ஏமாந்தும் இருக்கேன், அந்தக் கதை கீழ வரும்.

கேள்வி: போட்டி கம்பெனியோட போனை விளம்பரத்துலயே கிண்டல் பண்ற பழக்கம் எப்போ வந்துச்சு?

பெரிசா ஊர் கவனிச்சதுன்னா 2009 அக்டோபர். அமெரிக்காவுல வெரைசன்னு ஒரு நெட்வொர்க் கம்பெனி, மோட்டோரோலா ட்ராய்டு போனை இறக்குறதுக்கு முன்னாடி ஒரு விளம்பரம் விட்டாங்க. அதைப் பார்த்தா முதல் சில செகண்ட் ஆப்பிள் விளம்பரம்னே நினைப்பீங்க, அதே வெள்ளை பேக்ரவுண்டு, அதே மாதிரி துள்ளலான பாட்டு, அதே மாதிரி எழுத்து. ஒவ்வொரு வரியும் 'ஐ டோன்ட்'னு ஆரம்பிக்கும், ஐபோன்ல வர்ற அதே சின்ன ஐ. நிஜ கீபோர்டு கிடையாது, ஒரே நேரத்துல ரெண்டு ஆப் ஓடாது, பேட்டரியைக் கழட்டி மாத்த முடியாதுன்னு வரிசையா போய், திடீர்னு படம் கிழிஞ்ச மாதிரி வெட்டி, இதெல்லாம் ட்ராய்டு பண்ணும்னு முடிச்சாங்க.

அந்த லிஸ்டை இன்னிக்கு எடுத்துப் படிங்க. பட்டன் வச்ச கீபோர்டு, கழட்டி மாத்துற பேட்டரி ரெண்டும் இப்போ கடையில விக்கிற போன்ல தேடினாலும் கிடைக்கிறது கஷ்டம். இதை மனசுல வச்சுக்கோங்க, அடுத்த பதில்கள்ல திரும்பத் திரும்ப இதுதான் வரப்போகுது.

அடுத்த வருஷம் 2010 செப்டம்பர்ல விண்டோஸ் போன் 7 வேலை முடிஞ்ச சந்தோஷத்துல மைக்ரோசாஃப்ட் ஊழியர்கள் ரெட்மண்ட்ல இருக்கிற அவங்க கேம்பஸ்லயே ஐபோனுக்கும் பிளாக்பெர்ரிக்கும் இறுதி ஊர்வலம் நடத்தினாங்க, சவ வண்டியெல்லாம் வச்சு. பத்து வருஷம் முடியறதுக்குள்ள மைக்ரோசாஃப்ட் தன்னோட போன் சிஸ்டத்தையே மூடிட்டுப் போயிடுச்சு. அதை நம்பி போன் வாங்கினவங்கதான் ஆப் இல்லாம, அப்டேட் இல்லாம நின்னாங்க, அது எனக்கு இன்னும் மனசுக்கு கஷ்டமா இருக்கு, ஏன்னா அந்த சிஸ்டம் நிஜமாவே நல்லா இருந்துச்சு.

ஆனா இந்த வகை விளம்பரத்தை ஒரு பழக்கமாவே ஆக்கினது சாம்சங்தான். 2011 நவம்பர், கேலக்ஸி எஸ்2 விளம்பரம். புது போனுக்காக கடை வாசல்ல ராத்திரி பகலா க்யூவில உக்காந்திருக்கிற கூட்டம், அதுல ஒருத்தர் கவலைப்படுவாரு, புது மாடலும் பழசு மாதிரியே இருந்தா நான் அப்கிரேடு பண்ணினது மத்தவங்களுக்கு எப்படித் தெரியும்னு. அந்தப் பக்கமா வேற யாரோ பெரிய திரை வச்ச போனோட நடந்து போவாங்க, க்யூ மொத்தமும் எட்டிப் பார்க்கும். அவ்வளவுதான் விளம்பரம்.

கேள்வி: சாம்சங் ஏன் அந்த விளம்பரத்துல ஆப்பிள்னு பேரையே சொல்லல? ஆப்பிளும் பதிலுக்கு ஒண்ணும் சொல்றதில்லையே?

பேரைச் சொன்னா எதிராளிக்கு ஓசி விளம்பரம், இது ஒண்ணு. ரெண்டாவது சட்டம். அமெரிக்காவுல வியாபாரத்தையும் விளம்பரத்தையும் கண்காணிக்கிற அரசு அமைப்பான எஃப்டிசி 1979லயே உண்மையா இருந்தா போட்டி பிராண்ட் பேரைச் சொல்லி ஒப்பிடலாம்னு சொல்லிடுச்சு, ஐரோப்பாவுலயும் ஒப்பிடலாம், ஆனா சரிபார்க்கக்கூடிய அம்சத்தைத்தான் ஒப்பிடணும், எதிராளியை இழிவுபடுத்தக் கூடாதுன்னு விதி இருக்கு. பேர் சொல்லி 'எங்க பேட்டரி அதைவிட ரெண்டு மணி நேரம் கூட நிக்கும்'னு சொன்னா நிரூபிக்க வேண்டி வரும், பேர் சொல்லாம க்யூவைப் பார்த்து சிரிச்சா எதையும் நிரூபிக்க வேண்டியதில்ல. கிண்டல் விளம்பரங்கள்ல கணக்கு வழக்கு கம்மியா இருக்கிறதுக்கு இதுவும் ஒரு காரணம்னு நான் நினைக்கிறேன்.

மூணாவது காரணத்தைத்தான் நான் எல்லார்கிட்டயும் சொல்லுவேன். அந்த 2011 க்யூ விளம்பரம் வந்த சமயத்துல கடையில இருந்த ஐபோன் 4எஸ் உள்ள இருந்த ஏ5 சிப்பைத் தயாரிச்சுக் கொடுத்ததே சாம்சங். 2017 நவம்பர்ல ஐபோன் எக்ஸ் வந்த அதே நேரத்துல அதைக் கிண்டல் பண்ணி சாம்சங் விளம்பரம் விட்டுச்சு, அந்த ஐபோன் எக்ஸோட ஓலெட் திரை சாம்சங் டிஸ்ப்ளே பண்ணினது. ஒரு கை கிண்டல் பண்ணுது, இன்னொரு கை சப்ளை பண்ணி பில் போடுது. அந்தக் கம்பெனியைக் குறை சொல்றதுக்காக இதைச் சொல்லல, அது அவங்க தொழில். ஆனா இந்த விளம்பரங்களை வச்சு கமெண்ட்ல நம்ம பசங்க ஒருத்தரை ஒருத்தர் வாய்க்கு வந்தபடி திட்டிக்கிறாங்களே, அதைப் பார்க்கிறப்ப வயித்தெரிச்சலா இருக்கு.

ஆப்பிள் பதில் சொல்றதே இல்லைன்னு இல்ல. கம்ப்யூட்டர் சந்தையில அவங்க சின்ன ஆளா இருந்தப்போ 2006ல இருந்து 2009 வரைக்கும் மேக்னு (ஆப்பிள் கம்ப்யூட்டர்) ஒரு பையன், பிசின்னு (விண்டோஸ் கம்ப்யூட்டர்) ஒரு ஆளு ரெண்டு பேரையும் நிக்க வச்சு பிசியை ஓட்டு ஓட்டுன்னு ஓட்டினாங்க. போன்ல அவங்க கை ஓங்கினதும் பேச்சு மாறிடுச்சு. மேல இருக்கிறவன் கீழ பார்த்துப் பேசினா கீழ இருக்கிறவனைத் தூக்கி விட்ட மாதிரி ஆயிடும், அதனால பேர் சொல்லாம குத்துவாங்க. 2019 ஜனவரியில லாஸ் வேகாஸ்ல சிஇஎஸ்ங்கிற எலக்ட்ரானிக்ஸ் கண்காட்சி, அதுல ஆப்பிள் ஸ்டால் போடல, ஆனா கண்காட்சி பக்கத்துல ஒரு கட்டடத்தோட பக்கவாட்டு முழுக்க ஒரு பேனர், உங்க ஐபோன்ல நடக்கிறது உங்க ஐபோனோடயே இருக்கும்னு, அதாவது உங்க தகவல் வெளிய போகாதுன்னு. கூகுள்னு ஒரு எழுத்து கிடையாது, ஆனா யாரைச் சொல்றாங்கன்னு அங்க வந்த எல்லாருக்கும் புரிஞ்சுது.

வெளிய அமைதியா இருந்தாலும் உள்ள சுட்டுச்சு. 2013 ஜனவரியில வால் ஸ்ட்ரீட் ஜர்னல்ல ஆப்பிளோட மவுசு சாம்சங்குக்குப் போயிடுச்சான்னு கேட்டு ஒரு கட்டுரை வந்துச்சு, ஆப்பிளோட மார்க்கெட்டிங் தலைவர் ஃபில் ஷில்லர் அதை அப்படியே தன்னோட விளம்பர ஏஜென்சிக்கு அனுப்பி வச்சாரு. சூப்பர் பவுல்ங்கிற அமெரிக்க ஃபுட்பால் இறுதிப்போட்டிக்கு சாம்சங் எடுத்த விளம்பரம் நல்லா இருக்குன்னு அவரே ஒத்துக்கிட்டாரு, வேற ஏஜென்சி தேட வேண்டி வரலாம்னு அப்போ ஆப்பிள் சிஇஓவா இருந்த டிம் குக்குக்கும் எழுதினாரு. இதெல்லாம் ரெண்டு கம்பெனிக்கும் நடந்த பேட்டன்ட் கேஸ்ல 2014ல கோர்ட்ல வெளிய வந்த மெயில்கள்.

கேள்வி: ஹெட்ஃபோன் ஜாக் இல்லைன்னு ஆப்பிளைக் கிண்டல் பண்ணினவங்க போன்லயும் இப்போ ஜாக் இல்லையே, இது என்ன நியாயம்?

இந்தக் கேள்வியை மட்டும் ஏழு பேர் வேற வேற மாதிரி கேட்டிருக்கீங்க. கோபம் நியாயமானது, எனக்கும் இருக்கு.

2016 செப்டம்பர்ல ஆப்பிள் ஐபோன் 7ல ஜாக்கைத் தூக்கிச்சு, அதே மேடையில ஏர்பாட்ஸையும் காட்டுச்சு. அடுத்த மாசம் கூகுள் தன்னோட முதல் பிக்சல் போனை அறிமுகப்படுத்தி, விளம்பரத்துல ஜாக் பத்தி இது ஒண்ணும் புதுசு இல்லைன்னு திருப்தியா சொல்லிக்கிட்டாங்க. சரியா ஒரு வருஷம், 2017ல பிக்சல் 2, ஜாக் காணோம்.

சாம்சங் கதை இன்னும் நீளம். மேல சொன்ன 2017 நவம்பர் விளம்பரத்துல ஒரு பையன் 2007ல முதல் ஐபோன் வாங்கறதுல இருந்து வருஷம் வருஷமா காட்டிட்டு வருவாங்க, ஸ்டோரேஜ் ஃபுல்லாகி போட்டோ எடுக்க முடியாம நிப்பான், அப்புறம் ஹெட்ஃபோன் மாட்டறதுக்கு ஒரு சின்ன வால் ஒயரை வச்சுக்கிட்டு முழிப்பான், கடைசியில சாம்சங்கோட நோட் 8 வாங்கிட்டு க்யூவைத் தாண்டி நடந்து போவான். அந்த க்யூவில ஒருத்தரோட முடிவெட்டு ஐபோன் எக்ஸ் நாட்ச் (திரையோட மேல் ஓரத்துல கேமராவுக்காக விட்ட வெட்டு) மாதிரியே நெத்தியில இறங்கி ரெண்டு ஓரமும் ஏறி இருக்கும். நல்லா யோசிச்சு எடுத்த விளம்பரம், மறுக்கல. 2019 ஜனவரியில சாம்சங்கோட எம்10, எம்20 போன்கள் நாட்ச்சோட வந்துச்சு. அதே வருஷம் ஆகஸ்ட்ல நோட் 10 ஜாக் இல்லாம வந்துச்சு, அந்த விளம்பரம் அவங்க யூடியூப் சேனல்ல இருந்து காணாமப் போச்சு.

2020 அக்டோபர்ல ஐபோன் 12 பெட்டியில சார்ஜர் இல்லைன்னதும் சாம்சங் ஃபேஸ்புக்ல சார்ஜர் படத்தைப் போட்டு கேலக்ஸியோட இது சேர்ந்தே வரும்னு எழுதுச்சு, டிசம்பர்ல அந்தப் பதிவு போயிடுச்சு, 2021 ஜனவரியில எஸ்21 பெட்டியைத் திறந்தா சார்ஜர் இல்ல. 2014ல ஏர்போர்ட்ல பிளக் பாயின்ட் பக்கத்துல தரையில உக்காந்திருக்கிற ஐபோன்காரங்களைக் காட்டி, எங்க போன்ல பேட்டரியைக் கழட்டி மாத்திக்கலாம்னு சொன்னாங்க, 2015ல எஸ்6ல பின்பக்கமே திறக்க முடியாம சீல் பண்ணிட்டாங்க.

ஆப்பிள் மட்டும் சுத்தம்னு நினைக்காதீங்க. 2012ல ஐபோன் 5 விளம்பரத்துல ஒரு கட்டைவிரல் திரையோட இந்த மூலையில இருந்து அந்த மூலை வரைக்கும் போய்த் தொடும், கைக்கு எட்டுற அளவுதான் சரியான அளவுன்னு அர்த்தம், பெரிய திரை வச்ச ஆண்ட்ராய்டுக்கு குத்து. 2014ல 5.5 இன்ச் ஐபோன் 6 பிளஸ் அவங்களே வித்தாங்க, அதை ஒரு கட்டைவிரலால மூலைக்கு மூலை தொட முடியாது.

ஏன் இப்படின்னா, ஒரு போனோட டிசைன் விளம்பரம் எடுக்கிறதுக்கு ரொம்ப முன்னாடியே முடிவாயிடும். விளம்பரம் எடுக்கிறவங்களுக்கு இந்த வருஷ மாடலை விக்கணும், இந்த வருஷம் நம்மகிட்ட ஜாக் இருக்கு அவன்கிட்ட இல்ல, அவ்வளவுதான் கணக்கு, கம்பெனியோட கொள்கைன்னு அதுல ஒண்ணும் கிடையாது. ஜாக்கை எடுத்தா உள்ள இடம் மிச்சம், தண்ணி போற ஓட்டை ஒண்ணு குறையும், வயர்லெஸ் இயர்பட்ஸ் தனியா விக்கலாம், சார்ஜரை எடுத்தா பெட்டி சின்னதாகும், அனுப்புற செலவு குறையும். ஒருத்தன் துணிஞ்சு செஞ்சு வாடிக்கையாளர் ஓடிப்போகலைன்னு தெரிஞ்சா மத்தவனும் செய்வான். அதனால 'நாங்க அவங்களை மாதிரி இல்ல'ன்னு ஒரு விளம்பரம் சொன்னா அது நீங்க கையில வாங்கற அந்த ஒரு மாடலுக்கு மட்டும்தான்னு எடுத்துக்கோங்க, அடுத்த மாடலுக்கு யாரும் வாக்கு கொடுக்கல.

கேள்வி: ரெண்டு போன் கேமராவுல எடுத்த படத்தை பக்கத்துல பக்கத்துல போட்டுக் காட்றாங்க, ஒண்ணு பளிச்சுன்னு இருக்கு, இன்னொண்ணு இருட்டா இருக்கு. நம்பலாமா?

எடுத்தது நிஜமா அந்த போன்தானான்னு முதல்ல கேளுங்க. 2012 செப்டம்பர்ல நோக்கியா லூமியா 920 போனுக்கு ஒரு வீடியோ விட்டாங்க, ஒரு பொண்ணு சைக்கிள் ஓட்டிட்டு வரா, கூட இன்னொரு சைக்கிள்ல வர்ற பையன் போன்ல படம் பிடிக்கிற மாதிரி, ஆடாம அசையாம படம் வருது பாருங்கன்னு. யாரோ நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்காங்க, பின்னாடி தெரியற ஒரு ஜன்னல் கண்ணாடியில ஒரு வெள்ளை வேன் தெரியுது, அதுக்குள்ள பெரிய கேமராவோட ஒரு ஆள். நோக்கியா மன்னிப்பு கேட்டுச்சு. வருத்தம் என்னன்னா அந்த போன்ல ஆட்டத்தைக் குறைக்கிற டெக்னாலஜி நிஜமாவே இருந்துச்சு, அதை வச்சே எடுத்திருக்கலாம்.

2016ல ஹுவாவே பி9 விளம்பரத்துக்குப் போட்ட ஒரு படத்தோட விவரத்தைத் திறந்து பார்த்தா கேனான் 5டி மார்க் 3ன்னு ஒரு தொழில்முறை கேமரா பேர் இருந்துச்சு. 2018ல அதே கம்பெனியோட நோவா 3 விளம்பரத்துல ஜோடி செல்ஃபி எடுக்கிற மாதிரி வரும், நடிச்ச பொண்ணு ஷூட்டிங் படத்தைப் போட்டாங்க, அதுல பையன் கை வெறுங்கையா நீட்டி இருக்கு, எதிர்ல டிஎஸ்எல்ஆர்ங்கிற பெரிய கேமரா.

நேர்மையா எடுத்த ஒப்பீட்டுலயும் எந்தக் காட்சியைத் தேர்ந்தெடுக்கிறாங்கங்கிறதுலதான் எல்லாம் இருக்கு. கூகுள் பிக்சல் 3க்கு இருட்டுல எடுக்கிற நைட் சைட் வந்தப்போ ஒரு பக்கம் அதுல எடுத்த படம், இன்னொரு பக்கம் 'போன் எக்ஸ்'னு ஒரு இருட்டுப் படம். அந்த வேலையில பிக்சல் நிஜமாவே முன்னாடி இருந்துச்சு, அது உண்மை. ஆனா ஓடற குழந்தையை எடுத்தா, வீடியோ எடுத்தா எப்படின்னு அந்தப் படத்துல தெரியாது. மெகாபிக்சலும் அப்படித்தான், 200 மெகாபிக்சல் சென்சார் வழக்கமா 16 பிக்சலை ஒண்ணாச் சேர்த்து 12.5 மெகாபிக்சல் படமாத்தான் கொடுக்கும், அது நல்ல டெக்னிக்தான், ஆனா எதிராளியோட 12 மெகாபிக்சலைப் பக்கத்துல எழுதி 16 மடங்குன்னு காட்றது சரியில்ல.

கேள்வி: தண்ணிக்குள்ள போட்டாலும் ஒண்ணும் ஆகாதுன்னு மத்த போனோட ஒப்பிட்டுக் காட்டின விளம்பரத்தை நம்பி வாங்கினோம். அப்பா போன் நனைஞ்சதும் சர்வீஸ் சென்டர்ல வாரன்ட்டி கிடையாதுன்னுட்டாங்க.

இது என் வீட்லயும் நடந்துச்சுங்க. அம்மாவுக்கு வாங்கிக் கொடுத்த போன், விளம்பரத்துல அது மேல குடம் குடமா ஊத்துவாங்க. மழையில பையோட நனைஞ்சு ஸ்பீக்கர் கரகரன்னு ஆயிடுச்சு. சர்வீஸ் சென்டர்ல அந்தத் தம்பி ஒண்ணுமே பேசல, சிம் ட்ரேயை வெளிய இழுத்து, அந்த ஓட்டைக்குள்ள டார்ச் அடிச்சு என்னைப் பார்க்கச் சொன்னாரு. உள்ள ஒரு சின்ன ஸ்டிக்கர், வெள்ளையா இருக்க வேண்டியது சிவப்பா இருந்துச்சு. தண்ணி பட்டா சிவப்பாயிடும், சிவப்பாயிட்டா வாரன்ட்டி இல்ல, காசு கட்டுங்கன்னாங்க. தண்ணி புகாதுன்னு சொல்லி விக்கிற போனுக்குள்ள தண்ணி புகுந்தா காட்டிக்கொடுக்கிற ஸ்டிக்கரையும் அவங்களே ஒட்டி வச்சிருக்காங்கன்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது. அம்மா எனக்கு முன்னாடி நின்னு நான்தான் சரியா வச்சுக்கலன்னு சொன்னாங்க, அது எனக்கு இன்னும் ஆறல.

தண்ணி தாங்கும்னு விளம்பரத்துல போடற ஐபி68ங்கிற தர எண், ஆய்வகத்துல சுத்தமான, அசையாத தண்ணியில வச்சுப் பார்க்கிற சோதனை, எவ்வளவு ஆழம் எவ்வளவு நேரம்னு கம்பெனியே சொல்லும், 1.5 மீட்டர், 30 நிமிஷம் மாதிரி. கடல் தண்ணி, சோப்பு தண்ணி, நீச்சல் குளத்து குளோரின் அந்தக் கணக்குல வராது, கீழ விழுந்து லேசா பிளந்த போனுக்கும் வராது, ஓரத்துல இருக்கிற ரப்பர் சீலும் நாளாக நாளாக தளரும்.

நீங்க தனி ஆள் இல்ல. ஆஸ்திரேலியாவுல நுகர்வோர் ஆணையம் கேஸ் போட்டு 2022 ஜூன்ல சாம்சங்குக்கு 1.4 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் வாங்கிக் கொடுத்துச்சு, 2016ல இருந்து 2018 வரைக்கும் வந்த விளம்பரங்கள்ல குளத்துலயும் கடல்லயும் போனைப் பயன்படுத்தலாம்னு காட்டினதுக்கு, ஈரம் காயாம சார்ஜ் போட்டா போர்ட் அரிச்சுப் போகலாம்ங்கிறது தெரிஞ்சும். இத்தாலியில 2020 நவம்பர்ல ஆப்பிளுக்கு 1 கோடி யூரோ, தண்ணி தாங்கும்னு விளம்பரம் பண்ணிட்டு தண்ணியால வந்த சேதத்துக்கு வாரன்ட்டி மறுத்ததுக்கு. அதனால அந்த விளம்பரத்தோட படமோ வீடியோவோ இருந்தா எடுத்து வச்சுக்கோங்க, சர்வீஸ் சென்டர் கொடுத்த மறுப்பை எழுத்துல வாங்குங்க, ரெண்டையும் சேர்த்து நுகர்வோர் அமைப்புகிட்ட புகார் கொடுங்க. வாயால சொன்ன மறுப்பை வச்சு எதுவும் பண்ண முடியாது.

கேள்வி: ஒப்பீட்டு டேபிள்ல ஒரு பக்கம் பூரா பச்சை டிக், எதிர்ப்பக்கம் பூரா சிவப்பு இன்டூ. எதைப் பார்த்து முடிவு பண்றது?

டேபிள்ல எந்த வரி இல்லைன்னு பாருங்க. எத்தனை வருஷம் அப்டேட் தருவாங்க, பேட்டரி மாத்த என்ன ஆகும்னு வரி இருக்கான்னு பாருங்க, பெரும்பாலும் இருக்காது. அப்புறம் எதிராளியோட எந்த மாடல்னு கீழ பொடி எழுத்துல போட்டிருப்பாங்க, போன வருஷத்து மாடலா இருக்கலாம், பாதி விலை மாடலா இருக்கலாம். பேட்டரி எவ்வளவு கொள்ளும்னு சொல்ற எம்ஏஎச் எண்ணை மட்டும் வச்சு சண்டை போடாதீங்க, ஆப்பிள் தன்னோட ஸ்பெக் பக்கத்துல அந்த எண்ணைப் போடறதே இல்ல, எத்தனை மணி நேரம் வீடியோ ஓடும்னுதான் போடும், ரெண்டு பேருமே தனக்கு சாதகமான அளவுகோலை எடுத்துக்கிறாங்க. 'வரை'ன்னு முடியற எண் எல்லாத்துலயும் ஜாக்கிரதை, 240 வாட் வரை சார்ஜிங்னா பேட்டரி காலியா இருக்கிறப்ப கொஞ்ச நேரம்தான் அந்த வேகம், நிரம்ப நிரம்ப குறையும். திரை எவ்வளவு வெளிச்சம்னு சொல்ற நிட்ஸ் எண்ணும் பெரும்பாலும் திரையில ஒரு சின்ன பகுதியில அளந்தது.

பெஞ்ச்மார்க் ஸ்கோரா, அதாவது போனோட வேகத்தை அளக்கிற டெஸ்ட் மார்க்கா? 2021ல ஒன்பிளஸ் 9ஐயும், 2022 மார்ச்ல கேலக்ஸி எஸ்22ஐயும் கீக்பெஞ்ச்ங்கிற டெஸ்ட் ஆப் கம்பெனி தன்னோட பட்டியல்ல இருந்தே தூக்கிச்சு, சாதாரண ஆப் ஓடறப்ப வேகத்தைக் குறைச்சிட்டு டெஸ்ட் ஆப்புக்கு மட்டும் முழு வேகம் கொடுத்தாங்கன்னு. இதுக்கு மேல நான் என்ன சொல்ல.

கேள்வி: ஐபோன் வாங்க க்யூவில நின்னவங்களுக்கு வேற கம்பெனிக்காரங்க பவர் பேங்க் கொடுத்தாங்களாமே, உண்மையா?

உண்மைதான் தம்பி. 2018 செப்டம்பர்ல சிங்கப்பூர்ல ஆப்பிள் கடை வாசல்ல நின்ன கூட்டத்துக்கு ஹுவாவே 200 பவர் பேங்க் கொடுத்துச்சு, உங்களுக்கு இது தேவைப்படும்னு எழுதி. வாங்கினவங்களும் சிரிச்சிக்கிட்டே வாங்கினாங்க, பொய் இல்லாத, யாருக்கும் நஷ்டம் இல்லாத கிண்டல், எனக்குப் பிடிச்சது.

ஆனா அதே வருஷக் கடைசி, டிசம்பர் 31 ராத்திரி ஹுவாவேயோட ட்விட்டர் கணக்குல புத்தாண்டு வாழ்த்து வந்துச்சு, அதுக்குக் கீழ 'ட்விட்டர் ஃபார் ஐபோன்'னு சின்ன எழுத்து. உலகம் பூரா ஸ்க்ரீன்ஷாட் ஓடுச்சு. கம்ப்யூட்டர்ல விபிஎன் (தடை பண்ணின தளத்தைத் திறக்க உதவுற இணைப்பு) மக்கர் பண்ணினதால, 12 மணிக்கு சரியா வாழ்த்து போகணும்னு ஐபோன்ல ரோமிங் சிம் போட்டு அனுப்பியிருக்காங்க. அதுக்குப் பொறுப்புன்னு ரெண்டு ஊழியர்களோட பதவியைக் குறைச்சு, சம்பளத்துல மாசம் 5,000 யுவான் வெட்டினாங்க. ராத்திரி 12 மணிக்கு வேலையை நேரத்துக்கு முடிக்கப் பார்த்தாங்க, அதுக்கு இந்த தண்டனை ரொம்ப அதிகம்னுதான் நான் இன்னிக்கும் நினைக்கிறேன்.